படித்தவனுக்குப் பாதுகாப்பு எதற்கு?

ஏற்காட்டிலிருந்து வெளிநாடு போக வேண்டுமானால் காபிக்கொட்டையாகப் பிறந்திருக்க வேண்டும். பி.இ. முடித்த பையனாகப் பிறந்தால் கஷ்டம்தான்.

கொட்டைக்கு இருக்கிற யோகத்தைப் பாருங்கள். பழுத்ததை மட்டும் பார்த்துக் கையால் பறிக்கிறார்கள். பல்ப்பரில் தோலை உரித்து, ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைத்து, கியூரிங் ஆலைக்கு ஏற்றுகிறார்கள். அங்கே சலித்து ஏ, பி, சி, பீபெரி என்று தரம் பிரிக்கிறார்கள். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாம் தனியே போய்விடும். கப்பல் ஏறவேண்டுமென்றால் அனுப்புகிறவர் காபி போர்டில் பதிந்திருக்க வேண்டும், போர்டின் பெர்மிட் வேண்டும், எந்த நாட்டில் விளைந்தது என்கிற சான்றிதழ் கூடவே போக வேண்டும். இதற்கென்று 1942-இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டுவிட்டான். சேர்வராயன் மலைக் காபி என்று போர்டின் வட்டாரப் பட்டியலில் தனிப் பெயரே உண்டு.

அந்தப் பழத்தைப் பறித்த அம்மாவுக்கு ஒரு மகன் இருக்கிறான். நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை என்று எந்த ஊரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம் தாண்டி, கல்லூரி பஸ்ஸைப் பிடித்து நாலு வருஷம் படித்தவன். அவனும் இப்போது ஏற்றுமதிச் சரக்குதான். அவனைச் சலித்தது யார்? பெர்மிட் கொடுத்தது யார்? சேலத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர், வாட்ஸப்பில்.

ஃபாரின் வேலை இந்த மலைக்குப் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்காடே ஃபாரின் வேலையால் முளைத்த ஊர். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காபியை நட்டார். அதனால் அவர் ஏற்காட்டின் தந்தை. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்று இன்னொருவர். 1858-இல், இருபத்து நாலு வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைத்துக் கப்பலேறி வந்தார். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்துப் பேர் வாங்கினார். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வீடும் தோட்டமுமாகக் குடியிருந்தார். நல்ல மனிதர், பெரிய அறிவாளி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவரிடம் யாரும் ‘இண்டியன் எக்ஸ்பீரியன்ஸ் மூணு வருஷம் இருக்கா?’ என்று கேட்கவில்லை. தமிழ்த் தேர்வில் எத்தனை பேண்ட் எடுத்தாய் என்று கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில் பூட்டவில்லை. துரை வந்தால் வேலை. கூலி போனால் கடன்.

கூலி போன கதையும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களில்தான் கங்காணிகள் வந்து இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டினார்கள். ஆளின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பார்கள்; தோட்டம் மாறினால் கடனும் கூடவே மாறும். 1921-இல் இலங்கையில் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். கங்காணியை நான் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: அந்தக் கங்காணி முன்பணம் கொடுத்தார். இன்றைய கங்காணி முன்பணம் வாங்குகிறார். நூறு வருஷத்தில் நாம் கண்ட முன்னேற்றம் இதுதான்.

முதலில் இந்தச் சரக்கு எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. திறந்த கதவு அப்புறம் மூடவே இல்லை. சாராயம், ரியல் எஸ்டேட், அரசியல் என்று எந்தப் பக்கமிருந்து வந்தவரும் கல்வித் தந்தை ஆனார். இன்றைக்குக் கவுன்சிலிங்கில் 400-க்கு மேல் கல்லூரிகள். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு கணக்கை எடுத்துப் போட்டது: 350-க்கு மேற்பட்ட பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்கு, சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. சிலர் பத்து, பதினோரு கல்லூரிகளில் முழுநேரம். முருகப் பெருமானுக்கே படை வீடு ஆறுதான். அவராலும் ஒரே நேரத்தில் ஆறு வீட்டிலும் பயோமெட்ரிக் வைக்க முடியுமா தெரியவில்லை. எல்லாவற்றையும் ஆய்வுக் குழு நேரில் வந்து பார்த்து, முந்திரி சாப்பிட்டு, அங்கீகாரம் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

நம் பையனின் தெர்மோடைனமிக்ஸை நடத்தியது பேராசிரியரா அவருடைய ஆதார் எண்ணா என்பது அவனுக்கே தெரியாது. எப்படியோ அரியர் இல்லாமல் முடித்துவிட்டான். கல்லூரி வாசலில் ‘100 சதவீதம் பிளேஸ்மெண்ட்’ என்று ஃப்ளெக்ஸ் தொங்கியது. அதில் அவன் போட்டோவும் இருந்தது. வேலைதான் இல்லை. ஒரிஜினல் சான்றிதழ் கேட்டுப் போனால், ‘ஸ்காலர்ஷிப் பணம் இன்னும் வரலை, வந்ததும் வாங்கிக்கோ’ என்றார்கள். சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யூஜிசியும் ஏஐசிடிஇ-யும் எழுதித்தான் வைத்திருக்கின்றன. எழுதி வைப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை.

உள்ளூரிலேயே வேலை பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். இந்த மலையின் பாக்சைட்டை வெட்டி மேட்டூருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேட்டூரில் அலுமினியம் உருக்குவது 2008-இல் நின்றது. கீழே சேலம் உருக்காலை இருக்கிறது. அதை 2019-இல் தனியாருக்கு விற்க விளம்பரம் கொடுத்தார்கள், தொழிலாளர்கள் வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். மலைமேல் இருப்பது ரிசார்ட். ரிசார்ட்டில் வேலை கிடைக்கும். பி.இ. மெக்கானிக்கலுக்கு முன்னுரிமை உண்டு, ஜெனரேட்டர் நின்றுபோனால் பார்க்கலாம் இல்லையா?

ஆக, வெளிநாடு. அங்கே என்ன சொல்கிறார்கள்? 2018-இல் குவைத் ஒரு உத்தரவு போட்டது: இந்தியாவில் படித்த இன்ஜினியருக்கு இகாமா என்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், அவன் படித்த படிப்புக்கு நம் நாட்டுத் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் இருக்க வேண்டும், அதைப் பார்த்துக் குவைத் பொறியாளர் சங்கம் தடையில்லாச் சான்று தரவேண்டும். பதினைந்து இருபது வருஷமாகப் பாலமும் ரிஃபைனரியும் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று இன்ஜினியர் இல்லை என்றாகிவிட்டது. என்.பி.ஏ. பிறந்ததே 1994-இல். அதற்கு முன்பு பட்டம் வாங்கியவர் என்ன செய்வார்? பிறக்காத குழந்தையிடம் போய்க் கையெழுத்து வாங்கி வரவா? ஐ.ஐ.டி.க்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள். விசாவில் இன்ஜினியர் என்பதை அழித்துச் சூப்பர்வைசர் என்று மாற்றிக்கொண்டு பலர் தப்பித்தார்கள். குவைத் செய்தது அநியாயம் என்று இங்கே கூச்சல் போட்டோம். நம் அங்கீகாரத்தை நாமே மதிக்கவில்லை, அவன் மதித்துத் தொலைத்துவிட்டான் என்பதுதான் உண்மையில் நமக்கு வந்த கோபம்.

இதற்கு நாலு வருஷம் முன்பு, 2014 ஜூனில், இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது. இனி நம் பொறியியல் பட்டம் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எங்கும் சமம் என்று மேடையில் முழங்கினோம். அதில் ஒரு சின்ன எழுத்து உண்டு. என்.பி.ஏ.யில் டயர் 1, டயர் 2 என்று இரண்டு வகை. பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் டயர் 1. பல்கலைக்கழகத்தோடு வெறுமனே இணைந்திருக்கிற கல்லூரிகள் டயர் 2. ஒப்பந்தம் செல்லுவது டயர் 1-க்கு மட்டும். கவுன்சிலிங் நடக்கிற மாதத்தில் சேலம் முழுக்க ஏ.சி. பஸ், நீச்சல் குளம், நடிகர் வந்த ஆண்டுவிழா என்று போஸ்டர் ஒட்டுகிறார்களே, ‘எங்கள் பட்டம் வெளிநாட்டில் செல்லாது’ என்று ஒரு மூலையில் பொடி எழுத்திலாவது யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

பணக்கார நாடுகளின் கதை வேறு. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புது எச்1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று விலை வைத்தது. நம் காசுக்குச் சுமார் 88 லட்சம். முதல் வேலைக்குப் போகிற பையனுக்காக எந்த முதலாளி அதைக் கட்டப்போகிறான்? ஜெர்மனி 2024 ஜூனில் வாய்ப்பு அட்டை என்று கொண்டுவந்தது. வேலை தேடுவதற்கே ஒரு வருஷம் வந்து இருக்கலாம். ஆனால் மாதத்துக்கு 1,091 யூரோ வீதம் 13,092 யூரோவை முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2025-ஆம் ஆண்டு நிலவரம். ஜெர்மனியை நான் திட்டமாட்டேன். அவன் விலையை வெளியே எழுதி மாட்டியிருக்கிறான். மலையில் அரை ஏக்கர் வைத்திருக்கிற குடும்பம் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பி வரலாம். விலையை எழுதி மாட்டாதவர்களிடம்தான் பையன் மாட்டுகிறான்.

அவர்களிடம் போகுமுன் வழியில் இன்னொரு சுங்கச்சாவடி. ‘வெறும் பி.இ.ய வச்சு கல்ஃப்ல ஒண்ணும் பண்ண முடியாது தம்பி’ என்று சொல்லி, என்.டி.டி. லெவல் 2, க்யூஏ க்யூசி, எம்இபி, நெபோஷ் என்று வரிசையாகக் கோர்ஸ் விற்கிறார்கள். நாலு வருஷக் கட்டணம் கட்டி மெக்கானிக்கல் படித்தவன், வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சில வாரத்தில் கற்றுக்கொண்டு வருகிறான். அப்படியானால் அந்த நாலு வருஷம் எதற்கு என்று கேட்காதீர்கள், கல்வித் தந்தைகள் மனம் நோகும். இதில் வேடிக்கை, அந்த வெல்டிங்கைப் போடுகிற 6ஜி வெல்டரை, ஐ.டி.ஐ. கூட முடிக்காவிட்டாலும், டிரேட் டெஸ்ட் வைத்து, கைவேலையைக் கண்ணால் பார்த்துத்தான் கூட்டிப்போகிறார்கள். இன்ஜினியருக்கு டெஸ்ட் கிடையாது. பணம் இருக்கிறதா என்கிற ஒரே டெஸ்ட்.

இப்போது மாடியறைக்கு வருவோம். புது பஸ் ஸ்டாண்டுக்கும் அஞ்சு ரோட்டுக்கும் நடுவே எங்கேயோ, ஒரு செல்போன் கடைக்கு மேலே. கண்ணாடிக் கதவு. மேஜையில் குட்டிக் குட்டிக் கொடிகள், பிளாஸ்டிக் புர்ஜ் கலிஃபா, அதற்குச் சந்தனப் பொட்டு. சுவரில் விமானத்தின் முன்னால் கட்டைவிரல் தூக்கி நிற்கிற பையன்களின் படம். போனவர்கள்தான், வந்தவர்கள் படம் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு ஆஃபர் லெட்டர் காட்டப்படுகிறது. கம்பெனி லோகோ இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி அகன்று கிடக்கிறது. பையன் மெக்கானிக்கல், கடிதத்தில் சிவில். அனுப்பிய மெயில் முகவரி ஓசி மெயில். ‘அதெல்லாம் அங்க போய் மாத்திக்கலாம்.’ விசிட் விசா. ‘பதினஞ்சு நாள்ல கன்வெர்ட் ஆயிடும்.’ சம்பளம் இவ்வளவு, அக்காமடேஷன் ஃப்ரீ, ஃபுட் ஃப்ரீ. பணம் மட்டும் ஃப்ரீ இல்லை. ‘ஜிபே வேணாம் தம்பி, கையில குடுத்திருங்க, அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, ஆசீர்வாதமா இருக்கும்.’

அக்காமடேஷன் ஃப்ரீ என்றால் என்ன என்று 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காஃபில் பார்த்தோம். தொழிலாளர்களை அடைத்து வைத்திருந்த கட்டடம் தீப்பிடித்து இறந்த இந்தியர்கள் குறைந்தது 45 பேர். அதில் 7 பேர் தமிழ்நாடு. இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானத்தில் கொச்சிக்குப் பெட்டிகள் வந்து இறங்கின. தலைவர்கள் நேரில் வந்து மலர் வைத்தார்கள். மலர் வைப்பதிலும் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்பா பணம் புரட்டுகிற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிளகுக் கொடியை வருகிற அறுவடையோடு சேர்த்து வியாபாரிக்குக் குத்தகை பேசினார். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கை வெட்டி லாரியில் ஏற்றினார். அம்மாவின் தோடு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது. போதாததற்கு வட்டி.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது, 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். பதிவு பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்றவரும் ஆளிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்; மொத்தம் 35,400, அதற்கு ரசீது தரவேண்டும். யார் பதிவு பெற்றவர் என்று ஈமைக்ரேட் தளத்தில் பெயர் பெயராகப் பார்க்கலாம். மாடியறைக்காரர் கேட்டது லட்சங்களில். அவருக்குப் பதிவும் இல்லை, ரசீதும் இல்லை, கூச்சமும் இல்லை.

அதே சட்டத்தில் இன்னொரு கூத்து. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்குப் போனால், 18 நாடுகளுக்கு அரசின் அனுமதி வேண்டும். சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் என்ன, முதலாளி யார் என்று குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் பார்த்துத்தான் விடும். பத்தாம் வகுப்புத் தேறிவிட்டால் இந்தச் சோதனை கிடையாது. அதற்குப் பெயர் ஈசிஎன்ஆர். படித்தவன், விவரம் தெரிந்தவன், தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்று அரசாங்கம் முடிவு கட்டிவிட்டது. அந்த 18 நாட்டில் குவைத் இருக்கிறது, சவூதி இருக்கிறது, தாய்லாந்தும் இருக்கிறது. ஒன்பதாவது ஃபெயிலான கொத்தனார் தாய்லாந்துக்கு வேலைக்குப் போனால் அரசு அவன் கையைப் பிடித்து நிறுத்தி நாலு கேள்வி கேட்கும். பி.இ. பையனுக்குக் கும்பிடு போட்டு வழி விடும். பட்டம் வாங்கியதற்கு இந்த நாடு அவனுக்குக் கொடுத்த ஒரே சலுகை, யாரும் அவனைக் காப்பாற்ற மாட்டார்கள் என்பதுதான்.

அந்தச் சலுகை எங்கே கொண்டு விட்டது என்பதும் ஊரறிந்த விஷயம். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது: ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்’ வேலை என்று தாய்லாந்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகாதீர்கள், அவர்கள் குறி வைப்பது ஐ.டி. தெரிந்த இளைஞர்களை. கவனியுங்கள்: கொத்தனாரை இல்லை, படித்தவனை. மோசடிக்காரனுக்கு ஆங்கிலம் தட்டச்சு செய்யத் தெரிந்த ஆள்தானே வேண்டும். பாங்காக்கில் இறக்கி, மே சோட் வரை வண்டியில் கொண்டுபோய், ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடியில் அடைத்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறவர்களிடம் அழகிய பெண் போலப் பேசி கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். மறுத்தால் அடி, மின்சார ஷாக். ஏறக்குறைய 300 இந்தியர்கள் சிக்கியிருக்கிறார்கள், அதில் சுமார் 50 பேர் தமிழர்கள் என்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 5-ஆம் தேதி 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். அத்தோடு முடிந்ததா? 2025 மார்ச்சில் விமானப்படை இரண்டு நாளில் 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து ஏற்றி வந்தது. எச்சரிக்கை விட்டு இரண்டரை வருஷம் கழித்து. எச்சரிக்கை யார் கண்ணில் பட்டதோ தெரியவில்லை. விளம்பரம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறது.

மாநில அரசிடம் 1978-இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. பதிவு உள்ளது, ஏமாற்றாது. செவிலியர், ஓட்டுநர், டெக்னீஷியன் என்று ஆள் கேட்டு விளம்பரம் வரும். புது இன்ஜினியரை அங்கேயும் யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. வருஷா வருஷம் இத்தனை பேரை உற்பத்தி செய்கிறோமே, யாருக்காகச் செய்கிறோம், யார் கேட்டார்கள் என்று எந்த அமைச்சரும் எந்தத் துணைவேந்தரும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. காபிக்கு விலை விழுந்தால் சட்டசபையில் கேள்வி எழும்.

எனக்குத் தெரிந்த மலைக்காரப் பையன் ஒருவன் கொஞ்சம் உஷார். யாரோ சொல்லி, ஈமைக்ரேட் தளத்தைத் தேடிப் படித்துவிட்டு மாடியறைக்குப் போனான். அப்பா வெளியே படியில் நின்றார், மடியில் பணம்.

“சார், உங்க பதிவு நம்பர் என்னங்க? 35,400-க்கு மேல வாங்கக் கூடாதுன்னு போட்டிருக்கே?”

மாடியறைக்காரர் கோபப்படவே இல்லை. தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“தம்பி, அதெல்லாம் லேபருக்கு. நீங்க இன்ஜினியர்.”

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எழுந்துபோய் அப்பாவை உள்ளே கூப்பிட்டான்.